கேபின் எண் இல்லாத டிக்கெட்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, என்னிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்த மாணவர் ஒருவர் போன் செய்தார். இப்போது பெங்களூரில் வேலை. குடும்பத்தோடு சிங்கப்பூர் போய், அங்கிருந்து நான்கு இரவு க்ரூஸ் கப்பலில் போகப் போகிறாராம்.

"சார், ஒரே மாதிரி பால்கனி ரூம் ரெண்டு விலையில காட்டுது. ஒண்ணுல ரூம் நம்பரை நாமளே பார்த்து எடுத்துக்கலாம். இன்னொண்ணுல நம்பர் கிடையாது, அவங்களா பின்னாடி கொடுப்பாங்க. அது நல்லா குறைச்சல். அதிர்ஷ்டம் இருந்தா சும்மாவே பெரிய ரூமா அப்கிரேட் ஆகும்னு வேற சொல்றாங்க. நீங்க போயிட்டு வந்தவராச்சே, போடலாமா சார்?"

"யார் யார் போறீங்க?" என்று கேட்டேன்.

"நான், வீட்ல, பையன். அப்புறம் அம்மாவும் அப்பாவும். ரெண்டு ரூம்."

"நாளைக்குச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. எனக்கே ஒரு பாடம் கிடைத்த விஷயம். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே சொகுசுக் கப்பல் புறப்பட ஆரம்பித்த பிறகு, நம்மவர்களில் பலர் இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிறார்கள். அதனால் எல்லோருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், தெரியாதவர்களுக்காக.

கப்பலில் அறைகள் பொதுவாக நான்கு வகை. ஜன்னலே இல்லாத உள்ளறை. திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல் வைத்த அறை. வெளியே நாற்காலி போட்டு உட்காரும்படி பால்கனி வைத்த அறை. அதற்கும் மேலே சூட். ஒவ்வொரு வகைக்குள்ளும் நடுக்கப்பலா, முன்பக்கமா, பின்பக்கமா, எந்தத் தளம் என்பதைப் பொறுத்து விலை கூடும், குறையும்.

நம்பர் இல்லாமல் விற்கும் அறைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'கேரண்டி கேபின்'. கேட்டால் நமக்கு ஏதோ பெரிய உறுதி தருவதுபோல இருக்கும். உறுதி ஒன்றே ஒன்றுதான். நீங்கள் பணம் கட்டிய வகைக்குக் கீழே உங்களைத் தள்ள மாட்டார்கள். மேலே போனாலும் போகலாம். மற்றபடி எந்தத் தளம், எந்தப் பக்கம், லிஃப்டிலிருந்து எவ்வளவு தூரம், தலைக்கு மேலே நீச்சல் குளமா, காலுக்குக் கீழே பாட்டுக் கச்சேரி நடக்கும் அரங்கமா, எதுவும் உங்கள் கையில் இல்லை. அறை எண் சில வாரங்கள் முன்பே வரலாம். கிளம்புவதற்கு ஓரிரு நாள் இருக்கும்போதும் வரலாம். வந்த பிறகு மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டால் பெரும்பாலும் நடக்காது.

கம்பெனி ஏன் இப்படி விற்கிறது? கப்பல் துறைமுகத்தை விட்டு நகர்ந்த பிறகு காலியாகக் கிடக்கும் அறைக்கு மதிப்பு பூஜ்யம். தவிர, ஏறிய ஆள் உள்ளே போய் இன்னும் செலவு செய்வார். பானங்கள், வைஃபை, கரையில் இறங்கிச் சுற்றிப் பார்ப்பது, கேசினோ என்று எத்தனையோ இருக்கின்றன. ஆகவே கப்பல் நிரம்ப வேண்டும். மலிவான அறை தீர்ந்த பிறகும் அதே விலைக்கு ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்தால் என்ன செய்யலாம்? நம்பர் இல்லாமல் வாங்கி வைத்திருப்பவர்களில் சிலரை ஒரு படி மேலே ஏற்றிவிட்டு, கீழே காலியான இடத்தை விற்கலாம். அப்கிரேட் என்பது இப்படித்தான் பிறக்கிறது.

நம் ரயிலில் இதே ஏற்பாடு உண்டு. டிக்கெட் எடுக்கும்போது ஆட்டோ அப்கிரேடேஷன் வேண்டுமா என்று ஒரு கட்டம் வரும். மேல் வகுப்பில் பெர்த் காலியாக இருந்தால், ஸ்லீப்பர் டிக்கெட் வைத்திருப்பவரைக் கூடுதல் கட்டணம் இல்லாமல் ஏசி பெட்டிக்கு ஏற்றுவார்கள். எதற்கு? அவர் விட்டுப்போன ஸ்லீப்பர் பெர்த்தை வெயிட்டிங் லிஸ்டில் இருப்பவருக்குக் கொடுக்கலாம். மேலே போனவருக்கு லாபம்தான், சந்தேகமில்லை. ஆனால் அது அவருடைய முகத்தைப் பார்த்துச் செய்தது இல்லை. கீழே இடம் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

2024 பிப்ரவரியில் நானும் என் மனைவியும் சிங்கப்பூரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனோம். அங்கிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் கப்பல் பயணம் ஒன்று. பணம் தானே கட்டுவதாக மகன் சொன்னான். "வேண்டாம்பா, உங்கம்மாவை என் பென்ஷன் பணத்துல கூட்டிட்டுப் போறேன்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

என் மனைவி அதிகம் ஆசைப்படுகிறவள் இல்லை. கப்பல் என்றதும் ஒன்றே ஒன்று கேட்டாள். "காலைல எழுந்து அடுப்படிக்குப் போகாம, படுத்த வாக்குலயே கடல்லேர்ந்து சூரியன் வர்றதை ஒரு தடவை பார்க்கணுங்க." நான் வேலை பார்த்த பள்ளிக்கு 7 மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் நேரத்துக்குப் போக முடியும். அந்த பஸ்ஸுக்காக அவள் 29 வருடம் நாலரை மணிக்கு எழுந்தவள். அவள் கேட்டது பெரிய விஷயமே இல்லை.

மகன் சொன்னான்: "அப்பா, ரூமைப் பார்த்து எடுங்க. அம்மாவுக்கு முட்டி வலி. லிஃப்ட் பக்கமா இருக்கணும்."

நான் கணக்கு வாத்தியார் இல்லையா? உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நம்பர் பார்த்து எடுக்கும் ஜன்னல் அறைக்கும், நம்பர் இல்லாத ஜன்னல் அறைக்கும் இருவருக்குமாகச் சேர்த்து 11,400 ரூபாய் வித்தியாசம். எப்படியும் ஜன்னல் உறுதி. அதிர்ஷ்டம் இருந்தால் பால்கனி. அப்படிப் பால்கனி கிடைத்தவர்கள் எழுதியதையெல்லாம் இரண்டு நாள் தேடித் தேடிப் படித்தேன். போட்டுவிட்டேன். வீட்டில் சொன்னது இவ்வளவுதான்: "ஜன்னல் ரூம் போட்டாச்சு. பால்கனியே கிடைச்சாலும் கிடைக்கும்." அதில் 'பால்கனி' என்ற வார்த்தையை மட்டும் அவள் பிடித்துக்கொண்டாள். அக்கம்பக்கத்திலும் சொல்லிவிட்டாள்.

கிளம்ப ஆறு நாள் இருக்கும்போது அறை எண் வந்தது. மகன் கப்பலின் வரைபடத்தைத் திறந்து பார்த்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "முன்பக்கம்பா. லிஃப்ட்லேர்ந்து கடைசி" என்றான்.

மரினா பே துறைமுக முனையத்தில் ஏறி, அறைக்குப் போய், திரைச்சீலையை விலக்கினோம். ஜன்னல் முழுக்க ஆரஞ்சு நிறம். உயிர்காப்புப் படகு ஒன்று கண்ணாடிக்கு எதிரே தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே ஒரு சாண் வானம். கீழே குனிந்து பார்த்தால் ஒரு கீற்று தண்ணீர்.

வரவேற்பு மேஜைக்குப் போய்க் கேட்டேன். அங்கிருந்த பெண் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். கப்பல் நிரம்பிவிட்டது, மாற்ற அறை இல்லை. நம்பர் இல்லாத டிக்கெட்டில் ஜன்னலை ஏதாவது மறைக்கலாம் என்று நிபந்தனையில் எழுதியிருந்ததையும் காட்டினார். எழுதித்தான் இருந்தது. ஜன்னல் தருகிறோம் என்றார்கள், ஜன்னல் இருந்தது. அவர்கள் மேல் குற்றம் சொல்ல எனக்கு வழி இல்லை.

என் மனைவி சிரித்தாள். "போனா போகுது விடுங்க. கப்பல் கவுந்தா நமக்குத்தான் முதல் சீட்டு." அன்று நடந்த பாதுகாப்புப் பயிற்சியில் பார்த்தால், ஆபத்து வந்தால் நாங்கள் போய்க் கூட வேண்டிய இடம் கப்பலின் மறுபக்கம். அந்தப் படகுகூட எங்களுக்கு இல்லை.

சிரிப்பு முதல் நாளோடு போயிற்று. லிஃப்டிலிருந்து எங்கள் அறைக்கு என் நடையில் 112 தப்படி. ஒரு நாளைக்கு ஐந்து முறை போய் வந்தால் 1,120. நமக்கு அது காலை நடைப்பயிற்சி. முட்டி தேய்ந்தவளுக்கு? இரண்டாம் நாள் சுவரிலிருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மூன்றாம் நாள் இரவு, "நீங்க போய் சாப்பிட்டுட்டு வாங்க. எனக்குக் கொஞ்சம் சாதமும் தயிரும் கிடைச்சா எடுத்துட்டு வாங்க, போதும்" என்றாள். மேல்தளத்தில் பாட்டும் வெளிச்சமுமாக இருந்தது. அவள் படகைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

கடைசி நாள் காலை அவளை எழுப்பி, கையைப் பிடித்து, மெதுவாகத் திறந்த தளத்துக்குக் கூட்டிப் போனேன். ஓடுகிறவர்களும் நடக்கிறவர்களும் எங்களைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு நாற்காலி பிடித்து உட்கார வைத்தேன். சூரியன் வந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "படுத்துக்கிட்டே பார்க்கணும்னு சொன்னேன்" என்றாள்.

அப்போதுதான் 11,400 ரூபாய்க் கதையைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. என் சீட்டுப் பணத்துல அவ்வளவு இருந்துச்சே, நான் கொடுத்திருப்பேனே" என்றாள்.

நண்பர்களே, இதற்கு எனக்கு இன்றுவரை பதில் கிடையாது.

கேரண்டி கேபின் ஏமாற்று வேலை என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அது நேர்மையான வியாபாரம்தான். எங்கள் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர், தம்பியோடு சேர்ந்து எப்போதும் நம்பர் இல்லாத உள்ளறைதான் எடுப்பார். "தூங்கத்தானேய்யா ரூமு" என்பார். ஒருமுறை அவருக்கு ஜன்னல் அறை கிடைத்தது. மற்ற முறை எல்லாம் உள்ளறையே. எல்லா முறையும் ஒரே மாதிரி சந்தோஷமாகத் திரும்பி வந்தார். அவர் வாங்கியது உள்ளறை. நான் ஜன்னல் அறைக்குப் பணம் கட்டிவிட்டு, மனதுக்குள் பால்கனியை வாங்கிவிட்டேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

வகுப்பில் நான் அடிக்கடி சொன்னதுதான் இது. 35 மார்க் வாங்கினால் பாஸ். இரண்டு மார்க் குறைந்தவனுக்குச் சில சமயம் கருணை மதிப்பெண் கிடைக்கும். அது உண்மை. ஆனால் "எப்படியும் ரெண்டு மார்க் போடுவாங்க" என்று 33க்கு மட்டும் படிக்கிறவனை என்ன சொல்வது? முப்பது வருடம் மாணவர்களைத் திட்டிய அதே காரியத்தை, ஓய்வுபெற்ற பிறகு நான் செய்தேன்.

இன்னொன்று. அப்கிரேட் கிடைத்தவர் போட்டோ போட்டு எழுதுவார். லிஃப்டுக்குக் கடைசியில் கிடைத்தவர் எழுதுவதில்லை. வெட்கம். நானே இதை எழுத இத்தனை நாள் ஆயிற்று. ஆகவே நாம் படிக்கும் கதைகளை வைத்து வாய்ப்பைக் கணக்கிட்டால் தவறான விடைதான் வரும். வகுப்பில் யாரெல்லாம் வரவில்லை, கை தூக்குங்கள் என்று கேட்பது மாதிரி.

இப்போது இன்னொரு வழியும் வந்திருக்கிறது. பல கப்பல் நிறுவனங்கள் பயணத்துக்கு முன்னால் மின்னஞ்சல் அனுப்பி, மேல் வகை அறைக்கு எவ்வளவு கூடத் தருவீர்கள் என்று ஏலம் கேட்கின்றன. காசு கொடுத்து ஏற ஆள் வரிசையில் நிற்கும்போது, சும்மா ஏற்றிவிட யாருக்கு மனசு வரும்? ஏலத்தில் இறங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தொகை பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு என்று இருக்கும், அறைக்கு அல்ல. முதலில் கட்டியதையும் ஏலத் தொகையை இரண்டால் பெருக்கியதையும் கூட்டி, அந்த மேல் அறையை நேராக வாங்கினால் என்ன விலை என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஏலம் எடுத்தாலும் எந்த இடத்து அறை என்பது அவர்கள் முடிவுதான். கிடைத்துவிட்டால் வேண்டாம் என்று திரும்புவதும் கஷ்டம்.

மேல் வகை என்றால் எப்போதும் மேலானது என்றும் நினைக்காதீர்கள். கப்பல் ஆட்டம் நடுப்பகுதியிலும் கீழ்த்தளங்களிலும் குறைவு. முன்நுனியிலும் உச்சித் தளத்திலும் அதிகம். தலைசுற்றல் உள்ளவரை நடுக்கப்பல் ஜன்னல் அறையிலிருந்து தூக்கி, உச்சித் தளத்து முன்பக்கப் பால்கனியில் வைத்தால் அது அவருக்குப் பரிசா, தண்டனையா?

ஆகவே நான் சொல்லும் வழி இதுதான். நம்பர் இல்லாத டிக்கெட்டை வாங்குவதற்கு முன்னால் கப்பலின் தள வரைபடத்தைத் திறங்கள். எல்லாக் கம்பெனியும் இணையத்தில் போட்டிருக்கும். நீங்கள் கட்டப்போகும் வகையில் ஆக மோசமான அறை எது என்று தேடி, அதன் மேல் விரலை வையுங்கள். படகு மறைக்கும் அறை, லிஃப்டிலிருந்து ஆகக் கடைசி அறை, நள்ளிரவு வரை ஆட்டம் நடக்கும் கூடத்துக்கு மேலே உள்ள அறை. "இந்த விலைக்கு இதுதான் என்றால் சம்மதமா?" என்று உங்களையே கேளுங்கள். சம்மதம் என்றால் தாராளமாகப் போடுங்கள். அதற்கு மேல் எது வந்தாலும் லாபம்.

இளைஞர்கள் நண்பர்களோடு போகிறீர்களா? போடுங்கள். அறையில் தூங்க மட்டும்தான் வருவீர்களா? போடுங்கள். முட்டி வலிக்காரர், தலைசுற்றல் உள்ளவர், சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்கிறவர் இருந்தால் வேண்டாம். சக்கர நாற்காலி தேவைப்படுகிறவருக்கு அகலக் கதவு வைத்த தனி அறைகள் உண்டு. அதைக் கேட்டு, உறுதி செய்துதான் வாங்க வேண்டும். இரண்டு அறை எடுக்கும் குடும்பம் நம்பர் இல்லாமல் எடுத்தால், ஒன்று ஆறாம் தளத்திலும் இன்னொன்று பத்தாம் தளத்திலும் விழலாம்.

எல்லாவற்றுக்கும் மேலே, கூட வருகிறவரைக் கேளுங்கள். விலை குறைகிறது என்றால், எங்கே தங்குவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை நீங்கள் விற்கிறீர்கள் என்று அர்த்தம். உங்கள் உரிமையை விற்க உங்களுக்கு அதிகாரம் உண்டு. நான் விற்றது என் மனைவியுடையதையும் சேர்த்து. அவளுக்குத் தெரியாமல்.

திங்கட்கிழமை மாணவருக்குப் போன் செய்து இவ்வளவையும் சொன்னேன். "முதல்ல உங்க அம்மாவைக் கேளுப்பா, கப்பல்ல என்ன வேணும்னு" என்றேன். "அவங்களுக்கு என்ன சார் தெரியும், பால்கனி இருந்தா சந்தோஷப்படுவாங்க" என்றார். "கேட்டுட்டுப் பேசு" என்றேன்.

ராத்திரி அவரே கூப்பிட்டார். குரலில் ஒரு சிரிப்பு. "சார், அம்மாவுக்குக் கடலைப் பார்த்தாலே தலை சுத்துமாம். பால்கனியே வேண்டாங்கறாங்க. பேரன் ரூமுக்குப் பக்கத்து ரூமா இருந்தா போதுமாம்."

நடுக்கப்பலில், லிஃப்டுக்குப் பக்கத்தில், அடுத்தடுத்த இரண்டு உள்ளறைகளை நம்பர் பார்த்து எடுத்துவிட்டாராம். நம்பர் இல்லாத இரண்டு பால்கனி அறைகளைவிட இது விலையும் குறைவு.

இதை எழுதி முடித்து வீட்டில் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள். "112 இல்ல, கூடவே இருக்கும். நீங்க எனக்கு முன்னாடி வேகமா நடந்துட்டீங்க" என்றாள்.

உங்களுக்கு நல்ல அப்கிரேட் கிடைத்திருந்தால் எழுதுங்கள், சந்தோஷம். கிடைக்காதவர்களும் எழுதுங்கள். அடுத்து போகிறவர்களுக்கு இரண்டு பக்கமும் தெரியட்டும்.